குங்குமத் தட்டு

“சாதி பார்க்க மாட்டோம்” என்ற உறுதிமொழியை எங்கள் மாதர் சங்கத்தில் நான்தான் வாசித்தேன். எல்லோரும் கை நீட்டித் திருப்பிச் சொன்னார்கள். கூட்டம் முடிந்ததும் வழக்கம்போல குங்குமத் தட்டோடு எழுந்து, வரிசையாக ஒவ்வொருவர் நெற்றியிலும் வைத்துவிட்டுக்கொண்டே வந்தேன். கடைசி நாற்காலியில் பொற்கொடி. காலனியிலிருந்து எங்கள் சங்கத்தில் சேர்ந்த முதல் பெண். அவளை அழைத்து வந்ததே நான்தான். அவள் முன்னால் வந்ததும் என் விரல்கள் மடங்கிக்கொண்டன. அவளே எடுத்துக்கொள்ளட்டும் என்பதுபோல் கை தட்டை நீட்டியது. பக்கத்திலிருந்த தனலட்சுமி அதைக் கவனித்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். பொற்கொடி கவனிக்கவில்லை. தூள் விழாமலிருக்கக் கண்களை இறுக மூடி, முகத்தை என் பக்கம் நிமிர்த்தியிருந்தாள்.

“வச்சுட்டீங்களாக்கா?” என்று கேட்டாள்.