காசில்லாத பரிசு

"ஒரே மருமகளுக்குக் காசே செலவில்லாம ஒரு பரிசா? என்னன்னும் சொல்ல மாட்டேங்கிற. மானம் போகப்போகுது, ஜெயா!" ஃப்ரீவே முழுக்கப் புலம்பினார் ஏசுராஜ்.

"ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க," என்றாள் ஜெயலீலா. காசில்லாத பரிசுதான், ஆனால் அதைக் கொடுக்க மனசைத் தேற்றுவதற்குள் அவள் பாதி இளைத்துவிட்டாள்.

சுகர் லேண்ட் நகரில், அவர்கள் மகனைக் கட்டப்போகும் பிரீத்தாவுக்குத் தோழிகள் நடத்திய பிரைடல் ஷவர் விருந்தில், ஏர் ஃப்ரையரும் பட்டுப்புடவையுமாகப் பரிசுகள் குவிந்திருந்தன. எல்லாரும் பார்க்க, பிரீத்தா கடைசியாக ஜெயலீலாவின் சின்னப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரு சாவி.

"காரா ஆன்ட்டி?"

"வீடேதான்டி!" தோழிகள் கூவினார்கள்.

ஜெயலீலா தலையசைத்து மறுத்தாள். "நம்ம கிறிஸ்டோவோட அபார்ட்மென்ட் சாவிம்மா. மீன் குழம்பு கொண்டு வர்ற சாக்குல நான் நினைச்ச நேரம் திறந்துட்டு வருவேனே, அந்தச் சாவி. கல்யாணத்துக்கப்புறம் அது உன் வீடு. இனிமே பெல் அடிச்சிட்டுத்தான் வருவேன்."

பிரீத்தா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு காதோடு கேட்டாள்:

"தேங்க்ஸ் ஆன்ட்டி. உங்ககிட்ட இன்னொரு சாவியும் இருக்குன்னு கிறிஸ்டோ சொன்னாரே?"

கைப்பையைத் துழாவி அதையும் எடுத்துக் கொடுக்கும்போதுதான் ஜெயலீலாவுக்கு நிஜமாகவே அழுகை வந்தது.