மொத்த வகுப்பும் ஃபெயில்

"மொத்த வகுப்பையும் கணக்குல ஃபெயில் போட்டுட்டு, எந்த முகத்தோட சார் என் கடைக்கு ஷேவிங்குக்கு வந்தீங்க?"

கேட்டவர் சலூன்காரர். கையில் சவரக்கத்தி.

"இருக்கிற முகத்தோடதான்" என்றார் கணக்கு வாத்தியார். கழுத்து வரை சோப்பு நுரை. எழுந்து போகிற நிலையில் அவர் இல்லை.

பெஞ்சில் காத்திருந்த தையல்காரர் சிரித்துவிட்டு, சலூன்காரர் முறைத்ததும் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார். அவர் பையனும் ஃபெயில்தான்.

வாத்தியாருக்கு ஊர் வைத்த பெயர் அரைப் பட்டாளம். போன வருஷம் சண்டை ஆரம்பித்த புதிதில் பட்டாளத்தில் ஆசையாகப் போய்ச் சேர்ந்தார். டைப் அடிக்கத் தெரியும் என்று முகாம் ஆபீசில் உட்கார வைத்தார்கள். கொஞ்ச நாளிலேயே கண்ணில் கோளாறு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் வந்தவருக்கு முழுப் பட்டாளம் என்றா பெயர் வைப்பார்கள்?

"என் மூத்தவன் கணக்குல புலி. ஹெட்மாஸ்டரே சொல்றார்."

"விடை எல்லாம் சரிதான். ஸ்டெப் போடலை."

"ஒருத்தன் போடலைன்னா நம்பலாம். மொத்த வகுப்புமா?"

"மொத்த வகுப்பும்தான்."

சலூன்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்தியைத் தோல் வாரில் இரண்டு இழுப்பு இழுத்தார்.

"ரயில்வேயில அவனுக்கு வேலை சொல்லி வெச்சிருந்தேன் சார். பாஸ்னு ஒரு வார்த்தை போதும்னாங்க. என்னை மாதிரி அடுத்தவன் தாடையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கக் கூடாதுன்னுதானே படிக்க வெச்சேன்? பட்டாளத்துல உங்களை வேண்டாம்னுட்டாங்க. அந்தக் கடுப்பைப் பசங்க மேல காட்டுறீங்க."

வாத்தியார் வாயோரத்து நுரையை விரலால் துடைத்தார்.

"நாளைக்குக் கல்வி ஆபீசுக்குப் போறேன். பேப்பரைத் திரும்பத் திருத்தச் சொல்லப் போறேன். உங்க வேலைக்கு உலை வெக்காம விடமாட்டேன்."

வாத்தியார் சட்டென்று நிமிர்ந்தார்.

"ஆடாதீங்க சார், கத்தி பட்டுடும்."

"என் வேலை போனா போகட்டும். திருத்த மட்டும் சொல்லாதீங்க. ஒரே ஒரு வருஷம் பொறுத்துக்குங்க."

"பயம் வந்துடுச்சு பாரு" என்றது பேப்பர்.

அப்போது வாசலில் ஜீப் வந்து நின்றது. இறங்கி வந்த ராணுவ அதிகாரி முடி வெட்ட வந்தவராகத் தெரியவில்லை. நின்றபடியே கேட்டார்.

"இந்தத் தெருவுல ஸ்கூல் முடிச்ச பசங்க யாராவது இருக்காங்களா?"

"எதுக்குங்க?" என்றார் சலூன்காரர்.

"நேத்து உத்தரவு வந்திருக்கு. கடைசிப் பரீட்சை பாஸ் பண்ணின பசங்க எல்லாரும் சண்டைக்கு வந்தாகணும். ஸ்கூல்ல படிச்சுக்கிட்டு இருக்கிறவங்களை மட்டும் தொடக் கூடாது. போன வருஷமே எங்க முகாம் ஆபீஸ்ல டைப் அடிச்சு ரகசியமா வெச்சிருந்தது, இப்பதான் கையெழுத்து ஆச்சு. பக்கத்து ஊர்ல ஒரு லாரியே நிறைஞ்சு போச்சு."

சலூன்காரரின் கத்தி அந்தரத்தில் நின்றது. கண்ணாடியைப் பார்த்தார். நுரைக்கு மேலே வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பெஞ்சில் பேப்பர் மெதுவாகக் கீழே இறங்கியது.

"உங்க பையன் என்ன பண்றான்?"

சலூன்காரர் கத்தியைத் துண்டில் துடைத்தார்.

"படிச்சுக்கிட்டுதாங்க இருக்கான். கணக்குல ஃபெயில்."

"உங்க பையன்?"

"அவனும்தாங்க" என்றார் தையல்காரர்.

அதிகாரியின் நெற்றி சுருங்கியது. "இந்த ஊர்ல எங்க கேட்டாலும் இதையேதான் சொல்றாங்க. அதெப்படிய்யா ஒரு வகுப்பே ஃபெயில் ஆகும்?"

சலூன்காரர் வாத்தியாரின் தாடையைப் பூப்போலப் பிடித்து மறுபக்கம் திருப்பினார்.

"வாத்தியார் சரியில்லைங்க. அடுத்த வருஷமும் இதே கதிதான்."