ராசன் அண்ணையின் பறவைக் கோப்பை

"ராசனுக்கு அந்தப் பறவைக் கோப்பையில குடு, ஆரணி!"

ஊர்க்காரரான ராசன் அண்ணை கதவைத் தாண்டினால் போதும், ஹோலில் இருந்து மாமி கமலநாயகியின் குரல் வந்துவிடும்.

ஜேர்மனியில், எசன் நகரில் இருக்கும் அந்த வீட்டில் அதைவிட வடிவான பொருள் கிடையாது. சுட்ட மண்ணில் செய்த சீனக் கோப்பை. பச்சையும் மஞ்சளுமாய் மினுங்கும் பூச்சு. கழுத்தைத் திருப்பித் தன் முதுகையே பார்க்கிற பறவை. அதன் வயிறுதான் கோப்பை. மாமி பெற்ற மகன், ஆரணியின் புருசன் கார்த்திகன்கூட அதில் வாய் வைத்ததில்லை.

ஆரணி படித்தது வன்னியில், தகரக் கொட்டில் பள்ளிக்கூடத்தில். அத்தனை பிள்ளைகளுக்கும் தண்ணி குடிக்க ஒரே வாளி, ஒரே தகரப் பேணி. கலியாணமாகி வந்த நாளிலிருந்து மாமியை நினைத்து அவளுக்குப் பெருமைதான்.

"மாமிக்கு உங்களில எவ்வளவு மதிப்பு பாருங்கோ அண்ணை!"

"ஓம் பிள்ளை" என்று சிரித்துக்கொண்டே குடிப்பார் ராசன். குடித்துவிட்டு, டொக்டரிடம் நேரம் குறித்த டெர்மின் இருந்தால் மாமியைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போவார்.

ஒருநாள் ஆரணியின் குழந்தை மீரா எட்டி எடுத்து, அந்தக் கோப்பையில் தண்ணீர் குடித்துவிட்டாள். மாமி பாய்ந்து வந்து பறித்தார்.

"உடையேல்லை மாமி!"

"உடைஞ்சாலும் பரவாயில்லை! அவன்ர கோப்பையில பிள்ளை வாய் வைச்சிட்டாளே!"

"கழுவித்தானே வைச்சனான்?"

"கழுவினாப் போகுமோ? ஊரில அவையளை நாங்கள் படலைக்குள்ளயே எடுக்கிறேல்லை. இஞ்ச முகம் பாக்க வேண்டிக் கிடக்கு. அதுதான் வடிவானதாப் பாத்து அவனுக்கெண்டு புறம்பா வைச்சனான்."

ஆரணி மீராவைத் தூக்கிக்கொண்டாள். அந்த மனிசனிடம் போய் 'எவ்வளவு மதிப்பு' என்று எத்தனை தரம் சொல்லியிருப்பாள்! அவருக்கு இது தெரியவந்தால்?

அடுத்த கிழமை ராசன் வந்தார். ஹோலில் இருந்து அதே குரல்.

"ஓமோம் மாமி, கொண்டு வாறன்!"

ஆரணி தட்டத்தோடு வந்தாள். மாமிக்கு ஒரு வெள்ளைக் கோப்பை. ராசனுக்கும் அதே சோடியில் ஒன்று. பறவையைத் தான் எடுத்துக்கொண்டு, அவருக்குப் பக்கத்தில் இருந்து ஒரு மிடறு குடித்தாள்.

"குறை நினைக்காதேங்கோ அண்ணை. உங்கட கோப்பையில எனக்கு எந்த நாளும் ஒரு கண்."

மாமிக்குத் தேத்தண்ணி புரைக்கேறியது.

ராசன் தன் வெள்ளைக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தார். பிறகு ஒரு மிடறு குடித்தார்.

"இவ்வளவு காலமா வாறன், பிள்ளை. இந்த வீட்டுக் கோப்பையில குடிக்கிறது இண்டைக்குத்தான்."