தங்கமான பொண்ணு

“உங்க பொண்ணுக்கு அப்படி ஒண்ணும் இல்லம்மா. தங்கமான பொண்ணு” என்றார் டாக்டரம்மா.

வேறு எந்தத் தாயாக இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டிருப்பாள். இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இன்னொரு தடவை நல்லா பாருங்க டாக்டர்.”

“நல்லாத்தாம்மா பார்த்தேன். உங்களை வெளியில உக்கார வச்சுட்டு அவகிட்ட எவ்வளவு நேரம் பேசினேன்! முகத்தைப் பார்த்துப் பேசறா. சிரிச்சுக்கிட்டே பதில் சொல்றா. எல்லாம் முடிஞ்சதும், ‘வேற ஏதாவது பாக்கணுமா மேடம்?’னு என்னையே கேக்கறா. எனக்குச் சிரிப்பு தாங்கல. ஆட்டிசம்னு சொல்ற மாதிரி ஒண்ணுமே தெரியல.”

பக்கத்து நாற்காலியில் அந்தத் தங்கம், பதினாலு வயசு மகள், முதுகு வளையாமல் உட்கார்ந்து பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இவளா டாக்டர்? ஸ்கூல்ல மணி அடிச்சா காதைப் பொத்திக்கிட்டு பெஞ்சுக்கு அடியில பூந்துக்கறவ இவதான். கழுத்துல உறுத்துதுன்னு யூனிபார்மையே கிழிச்சவ இவதான். வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் சுவத்துல மண்டையை மோதிக்கிறா. குறுக்க கையைக் குடுத்துக் குடுத்து, பாருங்க, என் கை வீங்கிக் கிடக்கு.”

“வயசு அப்படி. வீட்டுல செல்லம் கொஞ்சம் ஜாஸ்தியோ?”

துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே சிரிக்கிற வேலை அவளுக்கு. எத்தனையோ பேர் பேச்சைச் சிரித்தபடியே விழுங்கியிருக்கிறாள். இதை விழுங்க முடியவில்லை.

“டாக்டர் எழுதிக் குடுத்தாத்தான் தனி ரூம்ல பரீட்சை எழுத விடுவாங்களாம். இல்லேன்னா வேற ஸ்கூல் பார்த்துக்கோங்கன்னு ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லிட்டாங்க. இவளை வேற யாரு சேர்த்துப்பாங்க?”

டாக்டரம்மாவின் குரல் மாறியது. “அதுக்காக இல்லாததை இருக்குன்னு எழுதணுமா? எல்லாரும் பிள்ளைக்கு ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு வருவாங்க. நீங்க என்னடான்னா…”

விருட்டென்று எழுந்தாள். மகள் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். கதவை அறைந்த சத்தத்தில் காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

போன் அடித்தது. வீட்டுக்காரர்.

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் இல்லையாம்.”

“நான் அப்பவே சொன்னேன்ல? நோயும் இல்ல, நொடியும் இல்ல. திமிரு. எல்லாம் உன் வளர்ப்பு.”

“ஆமா, நீங்க ராத்திரி பகலா மடியில போட்டு வளர்த்தீங்க பாருங்க, குறை சொல்ல வந்துட்டீங்க!” பட்டென்று போனை வைத்தாள்.

திரும்பினால், மகளைக் காணோம்.

மாடிப்படிக்கு அடியில், சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். துடைத்துவிட்ட மாதிரி முகத்தில் சிரிப்பே இல்லை. முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு, மணிக்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். பல் பதிந்த இடம் சிவந்திருந்தது.

“இப்பப் பண்ணு! இதை உள்ள பண்ணித் தொலைச்சிருக்கக் கூடாதா? ஒரு நாள் லீவுக்கு அந்த சூப்பர்வைசர் கால்ல விழாத குறையாக் கெஞ்சிட்டு வந்திருக்கேன். வீட்டுல என் மூஞ்சியப் பார்த்து ஒரு தடவை சிரிச்சிருப்பியாடி? அங்க மட்டும் என்ன இளிப்பு வேண்டிக்கிடக்கு?”

மகள் மணிக்கட்டை வாயிலிருந்து எடுத்தாள்.

“நீதானேம்மா சொல்லிக் குடுத்த.”

“நானா? என்னத்தை?”

பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஏற்ற இறக்கமே இல்லாமல் சொன்னாள்.

“புது ஆளுங்க முன்னாடி நேரா உக்காரு. கண்ணைப் பார்க்க முடியலன்னா ரெண்டு புருவத்துக்கு நடுவுல பாரு, அவங்களுக்குத் தெரியாது. அவங்க சிரிச்சா நீயும் சிரி. பேசி முடிச்சா, வேற ஏதாவது பாக்கணுமான்னு கேளு. நானே கடையில இப்படித்தான் சமாளிக்கிறேன்னு சொன்ன. அத்தை வீட்டு விசேஷத்துக்கு முன்னாடி கண்ணாடி முன்னால நிக்க வச்சுப் பழக்கின. தப்பாச் செஞ்சா தொடையில கிள்ளின. அழுகையெல்லாம் வீட்டோட வச்சுக்கோ, நாலு பேர் முன்னாடி என் மானத்தை வாங்காதன்னு சொன்ன.”

மகள் நிமிர்ந்தாள். பார்வை சரியாக அம்மாவின் புருவத்துக்கு நடுவில் வந்து நின்றது. உதடு மெல்ல விரிந்து பல் தெரிந்தது.

“உள்ள ஒரு தப்புகூடப் பண்ணலம்மா. அப்புறம் ஏன் கோவமா இருக்க?”

அம்மா குனிந்து கை நீட்டினாள்.

“எந்திரி. உள்ள போலாம். சிரிக்க வேணாம். எப்படி இருக்கியோ அப்படியே வா.”

கதவைத் தட்டக்கூட இல்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். டாக்டரம்மா எரிச்சலோடு நிமிர்ந்தார்.

“இன்னும் என்னம்மா?”

“டாக்டர், இவ்வளவு நேரம் நீங்க பார்த்தது என் பொண்ணை இல்ல. என்னைத்தான்.”