பிரெனன் ஐயாவின் நூலகம்

“அயர்லாந்தைப் பிறப்பிடமாகவும் லண்டன் சோகோவை வதிவிடமாகவும் கொண்ட நூலகர் பிரெனன் ஐயா…” என்று ஒலிவாங்கியின் முன் தழுதழுத்தார் கனகலிங்கம். மார்பளவுப் படத்துக்குச் சாத்திய மல்லிகை மாலைக்குள் வெள்ளைக்காரக் கிழவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

ரெய்னர்ஸ் லேன் மண்டபத்தில் முப்பத்தோராம் நாள் நினைவுக்கூட்டம். சென்ற மாதம் சோகோவில் பழைய கட்டடமொன்று தீப்பற்றியபோது, மேல்மாடியில் தனியே வசித்த பிரெனன் புகையில் மூச்சடைத்து மாண்டுபோனார். அவருக்குப் பிள்ளைகுட்டி இல்லை. ஆகவே எட்டாம் நாட் சடங்கான எட்டுச் செலவிலிருந்து எல்லாவற்றையும் கனகலிங்கமே முறை தவறாமல் நடத்தினார். ‘ஏடு காத்த ஏந்தல்’ என்று தளை தட்டாத வெண்பாவும் வாழ்க்கை வரலாறும் சேர்த்து, கல்வெட்டு என்னும் நினைவுநூலையும் அச்சிட்டு வழங்கினார்.

கண்ணீர் உண்மை, நூலகந்தான் பொய். அகதியாக வந்து குளிரில் விறைத்து நின்ற கனகலிங்கத்துக்குத் தம் கோட்டைக் கழற்றிக் கொடுத்த பிரெனன், தமது இரவு விடுதியில் வாயிற்காவல் வேலையும் கொடுத்தார். குடித்துக் கூத்தடிப்பவர்களைப் பிடரியில் பிடித்துத் தெருவில் விடவேண்டும். ஊருக்கு எழுதிய முதற்கடிதத்தில் அவ்விடுதி நூலகமாயிற்று. பின்னர் மனைவிக்கும் மகளுக்கும் அதுவே வரலாறாயிற்று.

இன்று உண்மை வெளிப்பட்டால் மகள் கௌசியின் கலியாணம் நின்றுவிடும். மாப்பிள்ளையின் தாய் யோகமலர், கோயிலில் திருவிளக்குப் பூசை நடத்துபவர். வேறொரு பெண்ணின் சிற்றப்பன் மதுக்கடை வைத்திருந்தார் என்பதற்காகவே முன்னர் ஒரு சம்பந்தத்தை முறித்தவர். முதல் வரிசையில் அமர்ந்து கல்வெட்டை வரி வரியாக வாசித்துக்கொண்டிருந்தார் அவர்.

கூட்டம் முடிந்து வடையும் தேநீரும் வந்தன. யோகமலரும் வந்தார்.

“அண்ணை, அந்த லைபிரரியில உங்களுக்கு என்ன வேலை?”

“வாறவையை ஒழுங்கா உள்ள விடுறது. சத்தம் போட்டால் வெளியில அனுப்புறது.”

“விடிய மூண்டு மணி மட்டும் திறந்திருக்குமெண்டு உங்கட மனிசி சொல்லுறா?”

“வெள்ளையள் வாசிக்கத் தொடங்கினால் எழும்பமாட்டினம், தங்கச்சி.”

கல்வெட்டை விசிறியாக்கி வீசியபடி யோகமலர் படத்தைப் பார்த்துப் பெருமூச்செறிந்தார். “பாவம் மனிசன். அந்த நொண்டிக் காலோட படியிறங்கி ஓட ஏலாமப் போச்சுதாக்கும்.”

“ஓம், ஓம்,” என்றார் கனகலிங்கம். பேச்சு நூலகத்தை விட்டு விலகியதே அவருக்குப் போதுமாயிருந்தது.

அது விலகவில்லை. “எந்த வருசங்கள் அங்க நிண்டனீங்கள்?”

“எண்பத்தேழிலயிருந்து தொண்ணூறு மட்டும்.”

யோகமலரின் முகம் வெளிறியது. “இஞ்சால வாங்கோ,” என்று அவரைக் கதவோரம் அழைத்துச் சென்றார்.

“சனத்துக்கு முன்னால மரியாதைக்காக வாயைத் திறக்கேல்லை. லைபிரரிக் கதையை விடுங்கோ. அது என்ன இடமெண்டு எனக்குத் தெரியும்.”

கனகலிங்கத்தின் தேநீர் வேட்டியில் சிந்தியது. மண்டபத்தின் மறுகோடியில் கௌசி, மாப்பிள்ளை தர்சிகனின் தட்டிலிருந்து வடையைப் பறித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“தங்கச்சி, பிழை என்னில. பிள்ளையைத் தண்டிச்சுப்போடாதேங்கோ. கலியாணத்தை மட்டும்…”

“கலியாணம் நடக்கிறதும் நடக்காததும் இப்ப நீங்கள் சொல்லப்போற மறுமொழியிலதான் இருக்கு.”

யோகமலர் சுற்றுமுற்றும் பார்த்தார். சேலைத் தலைப்பால் வாயை மறைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“அண்ணை, அங்க பாரில நிண்டு ஊத்திக் குடுத்த என்னைக் கண்டனீங்களோ?”