தொட்டியின் கடைசி விளக்கு

தண்ணீர்த் தொட்டியின் அளவைக் காட்டும் நான்கு விளக்குகளில் ஒன்று மட்டுமே எரிந்தது.

நேற்று மாலை மூன்று எரிந்ததை நோரீன் தன் கண்ணாலேயே பார்த்திருந்தாள்.

கிழக்கே, கடைசியாகக் கடந்த ஊரான செடூனாவில் நிரப்பிய தண்ணீர். சாலையோரம் இலவசமாக வண்டியை நிறுத்தித் தங்கும் இந்த இடங்களில் குழாய் கிடையாது. பெட்ரோல் நிலையத்தில் கேட்டால் விலை ஒட்டிய புட்டியைக் காட்டுவார்கள். மேற்கே அடுத்த ஊரான நார்ஸ்மனுக்கு இன்னும் இரண்டு நாள் ஓட்டம் இருந்தது.

தொட்டி கசிகிறதென்றால் பயணம் இங்கேயே முடிந்தது. திரும்பத்தான் வேண்டும்.

அவள் கணவர் மெர்வின் காலையிலிருந்து, அவர்கள் வீடாக ஓட்டிவந்த கேரவனுக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். கசிவைத் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

பக்கத்து கேரவன்காரர் நெவில் வந்து நின்றார். ஒருவர் தன் வண்டிக்கடியில் படுத்திருக்கையில் பேசாமல் கடந்துபோகும் வழக்கம் அந்தச் சாலையில் எவருக்கும் இல்லை.

"என்ன மெர்வ், கீழேயே குடித்தனம் வச்சிட்டியா? தள்ளிப் படு."

நெவில் அடியில் ஊர்ந்து நுழைந்தார். கழிப்பறைக் காகிதத்தைக் கிழித்து, குழாயின் ஒவ்வொரு இணைப்பிலும் ஒற்றி ஒற்றி எடுத்தார். நோரீன் குனிந்து காகிதத்தையே பார்த்தாள். ஒவ்வொன்றும் உலர்ந்தே வந்தது.



நெவில் வெளியே ஊர்ந்து வந்து, முழங்கையில் ஒட்டிய சுண்ணாம்புத் தூசியைத் தட்டினார்.

"சொட்டு ஈரம் இல்ல, அம்மணி. இது ஒழுகல. யாரோ திறந்து விட்டிருக்காங்க. நீங்க ரெண்டு பேர்தானே?"

சிரித்தபடிதான் கேட்டார். ஆனால் பதிலுக்குக் காத்திருந்தார்.

கேரவனுக்கு வெளியே நீண்டிருந்த மெர்வினின் பூட்ஸ்கள் அசையவில்லை.

விடியலில் அரைத்தூக்கத்தில் கேட்ட தண்ணீர்ப் பம்பின் உறுமலும், அடுத்த கட்டில் வெறுமையாக இருந்ததும் அப்போதுதான் நோரீனின் மனத்தில் ஒன்று சேர்ந்தன. ஏன் என்பது மட்டும் விளங்கவில்லை.

"நான்தான்," என்றாள். "விடியக்காலையில தலைக்கு ஊத்திக்கிட்டேன். அரிப்பு தாங்கல."

நெவில் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"தலைக்கா? கொலை பண்ணிட்டு வந்தாக்கூட இந்த ரோட்டுல மன்னிச்சிருவாங்க. மெர்வ், உன் பொண்டாட்டிய இனி குழாய்ப் பக்கம் விடாதே. இருங்க, ஒரு கேன் கொண்டாரேன்."

மாலைக்குள் இந்தக் கதை இங்கே தங்கியிருக்கும் எல்லாருடைய அடுப்புகளையும் சுற்றிவரும். அடுத்த நிறுத்தத்துக்கு அவளை முந்திக்கொண்டு போய்ச் சேரும். நோரீனுக்கு அது தெரியும்.

அவள் கேரவனின் பின்புறம் சென்றாள்.

சாலையிலிருந்து பார்த்தால் தெரியாத தாழ்ந்த புதர் ஒன்றின் மேல் மெர்வினின் கட்டில் விரிப்பு காய்ந்துகொண்டிருந்தது. நடுப்பகுதி மட்டும் இன்னும் ஈரமாக இருந்தது. அதனருகே, கவனமாகப் பிழிந்து போட்ட அவருடைய பைஜாமா.

ஏன் என்பது இப்போது விளங்கியது: தூக்கத்தில் நனைத்திருக்கிறார். இரண்டையும் அள்ளிச் சுருட்டினாள்.

திரும்பியபோது எதிரே நெவில், தோளில் தண்ணீர்க் கேனுடன்.

"விரிப்புமா துவைச்சீங்க?"

"ஆமா. என்னோடதுதான்."

சுருட்டலிலிருந்து பைஜாமாவின் ஒரு கால் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. ஆண் அளவு. நெவிலின் பார்வை அதில் தங்கியது. பிறகு அவள் தொப்பிக்குக் கீழே தூசியில் விறைத்துக்கிடந்த முடிக்கு ஏறியது.

சிரிப்பு நின்றது.

கேனை மெல்ல இறக்கி வைத்தார். வண்டிக்கடியிலிருந்து நீண்டிருந்த பூட்ஸ்களின் பக்கம் அவர் பார்க்கவே இல்லை.

"இன்னொரு கேனும் இருக்கு," என்றார், தணிந்த குரலில். "தலைக்கு ஊத்திக்கத் தேவைப்படும். நார்ஸ்மன் வரைக்கும்."