பகல் பன்னிரண்டு

மார்ச்சில் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளி எங்களிடம் எடுக்கும் ஒரு மணித்தியாலத்தைக் கனடாவில் நவம்பரில் திருப்பித் தருவார்கள். அவரவர் டைமரில் நேரத்தைக் குறித்துவிட்டால் போதும். அந்த ஒரு மணித்தியாலம் குறித்தவர் மட்டும் நடமாடலாம். மற்றவர்கள் நின்ற இடத்தில் அப்படியே நிற்பார்கள்.

என் டைமரையும் என் கணவர் தயாபரன்தான் குறிப்பார். "உமக்கு ஏஎம், பிஎம் குழம்பும். இஞ்ச தாரும்."

எனக்கு எப்போதும் நடுச்சாமம் பன்னிரண்டு. அதை நித்திரையிலேயே கழித்துவிடுவேன். தனக்கு மட்டும் பகல் பன்னிரண்டு. எட்டு வருஷமாக இதே கதை. அதே நேரத்தைக் குறித்த ஒருத்தி எங்கேயோ இருக்கிறாள். யார் அவள்?

இந்த முறை அவருக்குத் தெரியாமல் என்னுடையதையும் பகலுக்கு மாற்றினேன். பன்னிரண்டானதும், வெங்காயம் வெட்டிய கத்தியோடு குசினியில் அசையாமல் நின்றேன். வெளியே போகட்டும், பின்னாலேயே போய்ப் பிடிப்பேன்.

அவர் போகவில்லை. கதிரையை இழுத்து என் அருகே போட்டு உட்கார்ந்தார். தரையைப் பார்த்தபடி, வேலையில் பட்ட அவமானத்தையும், இரவில் நித்திரை வராததையும் சொல்லிச் சொல்லி அழுதார்.

"உம்மட்டைத்தான் இப்பிடி மனம்விட்டுக் கதைக்கலாம்."

என்னிடம் ஒருநாளும் இதில் ஒரு சொல் சொன்னதில்லை. அசையாமல் நிற்கிறாளே, அவளிடம்தான் எட்டு வருஷமாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு வயிறு எரிந்தது.

நேரம் முடிந்ததும் முகத்தைத் துடைத்து, கதிரையைப் பழைய இடத்தில் வைத்தார்.

"இன்னும் சமையல் முடியேல்லையே?" என்றார், என்னிடம்.